நாலந்தாவின் வாயிலும் சமணரின் ஏட்டறையும்

சம்மேதகிரி யாத்திரை செல்லும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இராசகிரியின் ஐந்து மலைகளை வணங்கியபின் பாவாபுரிக்கும் குண்டல்பூருக்கும் செல்வது வழக்கம். குண்டல்பூரை அடுத்தே நாலந்தாவின் செங்கல் இடிபாடுகள் உள்ளன. அது பௌத்தர்களின் இடம் என்று கருதி, வண்டியை விட்டு இறங்காமலே செல்வோரும் உண்டு. ஆயினும், இறங்கிப் பார்ப்பதற்குரிய காரணங்கள் சமணர்க்கும் உள.

மகாவிகாரம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நாலந்தா இராசகிரியின் புறநகராக விளங்கியது. பகவான் மகாவீரர் இராசகிரியிலும் நாலந்தாவிலுமாகப் 14 மழைக்காலங்களைக் கழித்தார் எனச் சுவேதாம்பரரின் கல்பசூத்திரம் கூறுகிறது. அவர்களது சூத்திரகிருதாங்கத்தின் இறுதி இயலுக்கு இவ்வூரின் பெயரே இடப்பட்டுள்ளது. பார்சுவநாதர் வழிவந்த துறவி ஒருவர் கௌதம கணதரரிடம் ஐயம் எழுப்பி விடை பெறுவது அவ்வியலின் பொருள். திகம்பர மரபினர் அந்நூல்களை ஆகமமாகக் கொள்வதில்லை எனினும், நாலந்தா மிகப் பழங்காலத்திலேயே வினாவும் விடையும் ஒலித்த மண் என்பதற்கு அவை சான்றாகின்றன.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் குப்தப் பேரரசன் முதலாம் குமாரகுப்தன் காலத்தில் தோன்றிய மகாவிகாரத்தில் கல்வி எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் குறிப்புகளாலும், அவர் மாணவர் எழுதிய வரலாற்றாலும் அறிகிறோம். அங்கே தேர்வு வாயிலிலேயே தொடங்கியது. அயல்நாட்டிலிருந்து வாதத்தில் கலந்துகொள்ள வருவோரை வாயிற்காவலர் கடினமான வினாக்களால் சோதிப்பார். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் விடையளிக்க இயலாது திரும்புவர். வாயிற்காவலரே இத்தகைய புலமையினர் எனில், உள்ளிருந்த ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் நூறு இடங்களில் விரிவுரை நிகழ்ந்தது. பௌத்த நூல்களோடு வேதம், தருக்கம், இலக்கணம், மருத்துவம், சாங்கியம் ஆகியனவும் பயிலப்பட்டன. நூறு ஊர்களின் வருவாய் விகாரத்திற்கு விடப்பட்டிருந்தமையால் மாணவர் உணவுக்கும் உடைக்கும் அலைய வேண்டியதில்லை. யுவான் சுவாங்கிற்கு நாள்தோறும் மகாசாலி என்னும் உயர்ந்த அரிசியும், 20 பாக்கும், 20 சாதிக்காயும், கற்பூரமும் தவறாது வழங்கப்பட்டன.

அவருக்கு யோகாசாரபூமியைப் பாடம் சொன்னவர் முதுபெரும் ஆசிரியர் சீலபத்திரர். விரிவுரை ஒருமுறை நிறைவுற 15 மாதங்கள் ஆயின. யுவான் சுவாங் அதனை மூன்று முறை கேட்டார். ஒருமுறை கேட்டுச் சான்றிதழ் பெற்றுச் செல்லும் கல்வியாக அது இருக்கவில்லை. சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் காஞ்சிபுரத்தில் அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, மணநாளன்று துறவு பூண்டு வடக்கே சென்றவர். நாலந்தாவின் தலைமைப் பீடத்தில் தமிழ்நாட்டார் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. பின்னர்க் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், அங்கு நிர்கிரந்தர் பலர் வாழ்ந்ததையும் குறித்துள்ளார். நிர்கிரந்தர் என்று அவர் குறிப்பது சமணரையே.

நாலந்தாவிலும் அவர் ஒரு நிர்கிரந்தரைச் சந்தித்தார். தாயகம் திரும்புவதா, தங்குவதா என்று அவர் கலங்கியிருந்த நாளில், வச்சிரர் என்னும் பெயருடைய ஆடையற்ற நிர்கிரந்தர் ஒருவர் அவரது அறைக்குள் வந்தார். யுவான் சுவாங் அவரை அமரச் செய்து கருத்தைக் கேட்டார். வச்சிரர் வெண்கல் ஒன்றால் தரையில் கோடிட்டுக் கணித்து, தங்குவது மிக நன்று, திரும்பினும் நலமே என்றார். நூல்களைக் கொண்டுசெல்லும் வழி பற்றிக் கவலை வேண்டா, அர்ஷரும் குமாரராசரும் உதவுவர் என்றும் கூறினார். சில நாள்களில் குமாரராசரின் தூதர் வந்து சேர்ந்தனர். கணிப்புப் பலித்ததா என்பதைவிட, திகம்பரத் துறவி ஒருவர் பௌத்த விகாரத்தின் அறைக்குள் தடையின்றிச் சென்று வர முடிந்தது என்பதே வரலாற்றுக்கு வேண்டிய செய்தி. கி.பி. 645இல் யுவான் சுவாங் 657 நூல்களுடன் சீனத் தலைநகரை அடைந்தார்.

பௌத்தரின் தருக்கத்தை அவர்கள் பள்ளியிலேயே கற்க வேண்டும் என்ற வேட்கை சமணரிடம் இருந்ததை அகளங்கர் கதை காட்டுகிறது. கரந்தை, திருப்பனமூர்ப் பகுதியில் அவர் நினைவு இன்றும் போற்றப்படுவதால், கதையை விரிக்க வேண்டியதில்லை. அகளங்கரும் நிகளங்கரும் தம்மை மறைத்துப் பௌத்தப் பள்ளியொன்றில் பயில்கின்றனர். ஒருநாள் ஆசிரியர் சமணக் கொள்கையை எடுத்துரைத்து மறுக்க முற்பட்டபோது, ஏட்டிலிருந்த பிழையால் பொருள் விளங்காது பாடத்தை நிறுத்திச் செல்கிறார். அகளங்கர் அப்பிழையைத் திருத்தி வைக்க, அதனாலேயே ஐயம் பிறக்கிறது. நிகளங்கர் உயிர் துறக்க நேர்கிறது. இக்கதை முழுவதும் வரலாறு என்று கொள்வதற்கில்லை. எனினும் அகளங்கரின் நியாயவிநிச்சயம் முதலிய நூல்களைப் பயில்வோர், பௌத்தப் பேராசான் தருமகீர்த்தியை அவர் வரிவரியாகக் கற்றிருந்தார் என்பதை ஐயமின்றி உணர்வர்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் துருக்கப் படையெடுப்பால் நாலந்தா சிதைந்தது. கி.பி. 1235 அளவில் அங்குச் சென்ற திபெத்தியர் தர்மசுவாமி, தொண்ணூறு வயதைக் கடந்த இராகுல ஸ்ரீபத்திரர் எஞ்சிய சுவர்களுக்கிடையே 70 மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டார். படைவீரர் வருகின்றனர் என்ற செய்தி கேட்டு ஏனையோர் ஓடியபோது, தர்மசுவாமி அம்முதியவரைத் தோளில் சுமந்து சென்று மறைத்துக் காத்தார். நாலந்தாவின் மாணவர்களுள் இவரை மறந்து எழுதப்படும் வரலாறு குறையுடையது.

ஆசிரியரைக் காத்தவர் திபெத்தியர். ஏடுகளுள் சிலவற்றைக் காத்தவர்களோ சமணர். நாலந்தாவின் ஆசிரியராயிருந்து 8ஆம் நூற்றாண்டில் திபெத்து சென்ற சாந்தரட்சிதர், தத்துவசங்கிரகம் என்னும் பெருநூலை இயற்றினார். 3,600க்கு மேற்பட்ட காரிகைகளைக் கொண்ட அந்நூலுக்கு அவர் மாணவர் கமலசீலர் உரை வரைந்தார். பௌத்தம் இந்நாட்டில் மறைந்தபின் அதன் திபெத்திய மொழிபெயர்ப்பு வழங்கியதேயன்றி வடமொழி மூலம் வழக்கில் இல்லை. மூலத்தின் சுவடிகள் ஜைசல்மேர், பாடண் ஆகிய ஊர்களின் சமண ஏட்டறைகளில் கிடைத்தன. எம்பார் கிருஷ்ணமாசாரியர் பதிப்பில் 1926இல் பரோடாவிலிருந்து அது அச்சேறியது. தருமகீர்த்தியின் ஹேதுபிந்துவுக்கு அர்ச்சடர் எழுதிய உரையும் பாடணின் சமண ஏட்டறையில் கிடைத்து 1949இல் வெளிவந்தது.

தத்துவசங்கிரகம் சமணத்தைப் போற்றும் நூலன்று. அநேகாந்தத்தை மறுப்பதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. திகம்பர ஆசிரியர் சுமதியின் கருத்துகளையும், சமந்தபத்திரரின் தேவாகமத்தைக் கேட்டு அருகநெறி சார்ந்தவர் என்று போற்றப்படும் பாத்திரகேசரியின் கருத்துகளையும் அந்நூல் எடுத்துக்கூறி மறுக்கிறது. தம் கொள்கையை மறுத்த நூலைச் சமண ஏட்டறைகள் பல நூற்றாண்டுகள் துணியில் பொதிந்து பாதுகாத்தன. பாத்திரகேசரி எழுதிய திரிலட்சண கதர்த்தனம் இன்று கிடைக்கவில்லை. பாத்திரசுவாமி என்னும் பெயரால் அவர் வாதங்களைச் சாந்தரட்சிதர் தம் நூலில் எடுத்துரைத்துள்ளார். அந்நூலைத் திறப்போர் அவற்றை இன்றும் அங்கே படிக்கலாம்.