பார்வை வாத்துகளும் 1935இன் தடையும்

பொம்மை வைத்து நீர்ப்பறவையை ஏய்ப்பது பழைய வித்தை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்த நாணல் தாராப் பொம்மைகளுக்கு வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. ஆனால் கனடா வாத்து எளிதில் ஏமாறாது. கூட்டமாக வட்டமிட்டு, கீழே அசைவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறங்கும். வேட்டைக்காரர்கள் மரப் பொம்மைகளைக் கயிறு கட்டி இழுத்ததும், உயிருள்ள வாத்துகளையே காட்டுக் கூட்டத்தை ஈர்க்கும் பார்வைப் பறவைகளாகப் பழக்கியதும் இதனால்தான். மாசசூசெட்ஸ் ஏரிக்கரைகளில் இது ஒரு நுட்பமான தொழிலாகவே வளர்ந்தது. தாய் தந்தை வாத்துகளைக் கரையில் கட்டிவைப்பார்கள். அவற்றின் குஞ்சுகளைப் பின்னால் பட்டியில் அடைத்திருப்பார்கள். வானில் காட்டுக் கூட்டம் தெரிந்ததும் இளம் பறவைகளைத் திறந்துவிடுவார்கள். அவை கத்திக்கொண்டே பெற்றோரிடம் பறந்து வரும். காட்டு வாத்துகளும் அவற்றோடு துப்பாக்கிகளுக்கு முன்னால் வந்து இறங்கும். கனடா வாத்து ஒரே இணையோடு வாழ்வது. குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுவதும் பெற்றோரைப் பிரியாதவை. அந்தப் பாசமே இங்கே தூண்டிலானது.

1935இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு உயிருள்ள பார்வைப் பறவைகளையும், தானியம் தூவி வரவழைப்பதையும் தடை செய்தது. அந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து. அப்போது நீர்ப்பறவைகள் குறைந்ததற்கு 1930களின் வறட்சிதானே காரணம், வேட்டைக்காரன் என்ன செய்வான் என்று கேட்கலாம். வறட்சி பெரிய காரணம்தான்; மறுக்க முடியாது. ஆனால் மழையைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது. பிழைத்திருக்கும் கொஞ்சப் பறவைகளில் எத்தனை சுடப்படும் என்பது மட்டுமே அரசின் கையில் இருந்தது. குஞ்சின் குரலுக்கு மொத்தக் கூட்டமே இறங்கிவிடும் முறையை அப்போது அனுமதித்திருந்தால் மற்றக் கட்டுப்பாடுகளுக்குப் பொருளே இருந்திருக்காது. பார்வை வாத்துகளை வளர்த்தவர்களுக்கு அது இழப்புதான். என்றாலும் அவர்கள் விடுவித்த பறவைகளின் வழிவந்தவை, வலசை போகாமல் அந்நாட்டின் பூங்காக்களிலும் குளக்கரைகளிலும் இன்று பெருகி வாழும் கூட்டங்களில் கலந்திருக்கின்றன.

அசைவால் ஏய்ப்பதுதான் குற்றமென்றால் இன்றைய மோட்டார் பொம்மையையும் தடை செய்ய வேண்டாமா என்பது வறட்சி வாதத்தைவிட வலுவான கேள்வி. 1990களில் கலிஃபோர்னியாவில் பரவிய சுழலும் இறக்கைப் பொம்மைகளை நம்பித் தாராக்கள் அதிகமாக இறங்கின. சில மாநிலங்கள் அந்தப் பொம்மைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தன. தாராவைப் பொறுத்தவரை அது நியாயமே. கனடா வாத்தின் கதை வேறு. அதை ஏய்க்கக் கொடியை வீசுகிறார்கள், காற்றில் ஆடும் துணிப் பொம்மைகளை நடுகிறார்கள். ஓரிரு முறை சுடப்பட்ட கூட்டம் அவற்றை அடையாளம் கண்டு ஒதுங்கிவிடுகிறது. இப்படித் தப்பிக்க வழி இருக்கும்வரை வேட்டை வேட்டையாகவே இருக்கிறது. தன் இனத்துக் குஞ்சு தாயை நோக்கிப் பறக்கும்போது, அதில் சந்தேகப்பட வாத்துக்கு ஒன்றுமே இல்லை.