மர்மக் காய்ச்சலும் சோதனைத் தட்டும்: வைகை அணை வட்டாரத்தை முன்வைத்து டெங்குச் சோதனையின் வரலாறு

தமிழ் நாளிதழ்களில் மழைக்காலந்தோறும் இடம்பெறும் ‘மர்மக் காய்ச்சல்’ என்னும் தொடர் ஒரு நோயின் பெயரன்று; சோதிக்கப்படாத, அல்லது சோதனை முடிவு வந்துசேராத காய்ச்சலுக்குச் செய்தியாளர் இட்ட பெயர். எந்தக் காய்ச்சல் ‘டெங்கு’ எனப் பதிவேட்டில் ஏறுகிறது, எது மர்மமாகவே நின்றுவிடுகிறது என்பதை வைரசைக் காட்டிலும் சோதனைமுறையே தீர்மானித்துவந்துள்ளது.

ஆண்டிபட்டிக்கு அருகில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை 71 அடி வரை நீர் தேக்கவல்லது. எனினும் டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசு அணைநீரை நாடுவதில்லை. நாள் விட்டு நாள் வரும் குழாய்நீரைப் பிடித்துவைக்கும் சிமெண்டுத் தொட்டியும் மூடாத குடமுமே அதன் இருப்பிடங்கள். ஆதலால் மருத்துவ வசதிக்குத் தொலைவிலுள்ள சிற்றூரும் நோய்க்குத் தொலைவில் இல்லை.

1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நோயாளரின் இரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் டெங்கு வைரசைப் பிரித்தெடுத்தனர். மாதிரியைச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்திக் காத்திருக்கும் முறை அது. அறிவியலுக்குப் பயன்பட்டது, படுக்கையில் கிடந்தவருக்கு அன்று. நோயாளரின் அருகில் செய்யத்தக்கதாக இருந்தது ஒரே ஒரு சோதனைதான். இரத்த அழுத்தமானியின் பட்டையைக் கையில் கட்டி, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைப்பட்ட அளவில் ஐந்து நிமிடம் இறுக்கி வைத்து, தோலில் தோன்றும் செம்புள்ளிகளை எண்ணுவர். ஒரு சதுர அங்குலத்தில் பத்தோ அதற்கு மேலோ இருந்தால் ஐயம் வலுப்பெறும். செலவே இல்லாத இச்சோதனை பலரைத் தவறவிடும் என்பதும் உண்மை.

பின்னர் வந்த எலிசா முறையே அரசுக் கண்காணிப்பின் அடித்தளமாயிற்று. புனே தேசிய வைராலஜி நிறுவனம் ஐ.ஜி.எம். எலிசா தொகுப்புகளைக் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்குக் கட்டணமின்றி வழங்கிவந்தது. இந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பின்னரே இரத்தத்தில் தெளிவாகத் தென்படும் என்பதால், முதல் ஐந்து நாட்களுக்குரிய என்.எஸ்.1 எலிசாவும் 2010இல் சேர்க்கப்பட்டது. இம்முறையின் மலிவில் ஒரு சிக்கல் மறைந்துள்ளது. 96 குழிகள் கொண்ட தட்டு நிறையும்போதுதான் ஒரு மாதிரிக்கான செலவு குறையும். தட்டு நிறையக் காத்திருந்தால் நாள் கழியும். டெங்கில் காய்ச்சல் தணியும் தறுவாயே ஆபத்தான கட்டம். முடிவு வரும்போது அக்கட்டம் கடந்திருக்கலாம்.

அட்டை வடிவிலான விரைவுச் சோதனை அரைமணி நேரத்துக்குள் விடை தருகிறது. அரசின் வழிகாட்டுதலோ, துல்லியம் போதாமையைக் காரணம் காட்டி, எலிசாவையே உறுதிச் சோதனையாக ஏற்கிறது. அக்காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. முன்பே ஒருமுறை டெங்கு கண்டவருக்கு இரண்டாம் முறை வரும் தொற்றே கடுமையாகும் வாய்ப்பு மிக்கது, அத்தகையோரிடம்தான் என்.எஸ்.1 சோதனையின் கண்டறியும் திறனும் குறைகிறது. மறுபுறம், தனியார் ஆய்வக அட்டையில் நோய் தெரிந்தவர் எலிசாவை எட்டாவிடில் அரசுக் கணக்கில் இடம்பெறார். 2012இல் தமிழகத்தில் பதிவான 12,000-க்கு மேற்பட்ட டெங்கு நோயாளரும் 66 இறப்புகளும், இந்நோக்கில், எலிசாத் தட்டை எட்டியவர்களின் எண்ணிக்கையே. அவ்வாண்டு அரசு பரிந்துரைத்த நிலவேம்புக் குடிநீருக்கு இத்தகைய வாயிற்படி ஏதும் இல்லை. சோதனை முடிவைக் கேளாமலே அது வழங்கப்பட்டது. அதன் பரவலான வரவேற்பை மரபுப் பற்றாக மட்டும் விளக்குவது போதாது.

தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்த வைரஸ் ஆய்வகம் 2020 மார்ச்சில் தமிழகத்தின் முதற்கட்டக் கொரோனா சோதனை மையங்களுள் ஒன்றாயிற்று. மின்கலத்தில் இயங்கும் கோவா நிறுவனத் தயாரிப்பான ட்ரூநாட் கருவி அக்காலத்தில் நாடெங்கும் பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றோர் இரத்தக்கசிவுக் காய்ச்சலும் 1957இல் சிமோகாவில் கண்டறியப்பட்டதுமான கியாசனூர்க் காட்டு நோய்க்கும் அக்கருவியில் சோதனை உருவாக்கப்பட்டுள்ளது. அங்கே கருவி காட்டோரத்துக்குச் செல்ல முடிகிறது. டெங்குக்கான எலிசாவிலோ பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. வருசநாட்டு மலையடிச் சிற்றூர் ஒன்றில் எடுக்கப்படும் இரத்தம் குளிர்பெட்டியில் தட்டைத் தேடிச் செல்கிறது.