பிளாற்றினம்: ஓர் இகழ்ச்சிப் பெயரின் வரலாறு

வெள்ளியினும் பன்மடங்கு விலையுயர்ந்த உலோகமொன்று 'அற்ப வெள்ளி' என்னும் பெயரைத் தாங்கி நிற்பது விந்தையே. பிளாற்றினம் என்ற சொல்லுக்கு மூலம் ஸ்பானிய மொழியின் 'பிளாற்றினா' என்பதாகும். 'பிளாற்றா' என்பது வெள்ளி. 'இனா' சிறுமைப் பொருள் தரும் விகுதி. இங்குச் சிறுமை அளவைக் குறித்ததன்று, மதிப்பைக் குறித்தது.

இன்றைய கொலம்பியாவிலுள்ள சொக்கோப் பிரதேசத்தில் ஆற்று மணலை அரித்துப் பொன்னெடுத்தோருக்கு, அதனுடன் கலந்துவந்த வெண்ணிறத் துகள்கள் பெருந்தொல்லையாயின. 1768 பாகை செல்சியசில் உருகும் அப்பொருள் அக்கால உலைகளுக்கு அடங்கவில்லை. 1735இல் தென்னமெரிக்கா சென்ற அன்ரோனியோ டி உல்லோவா, 1748இல் வெளிவந்த பயண நூலில், பட்டடையில் வைத்து அடித்தும் எளிதில் உடையாத இப்பொருளாற் சில சுரங்கங்கள் கைவிடப்பட்டதைக் குறிப்பிடுகின்றார். அரசுக்கோ வேறோர் அச்சம் இருந்தது. பொன்னின் அடர்த்தி 19.3, இதனது 21.45. எனவே, பொன்னிற் கலந்தால் நிறையைக் கொண்டு களவைப் பிடித்தல் அரிது. அதனால் அதிகாரிகள் அதனை ஆற்றிற் கொட்டச் செய்தனர்.

'பிளாற்றா' என்பதும் ஆதியில் வெள்ளியைக் குறித்த சொல்லன்று. வெள்ளிக்குரிய இலத்தீன் சொல் 'ஆர்ஜென்ரும்'; ஆர்ஜென்ரீனா என்னும் நாட்டுப் பெயர் அதன்வழி வந்தது. ஸ்பானியரோ உலோகத் தகட்டைக் குறித்த பேச்சுவழக்கு இலத்தீன் சொல்லையே வெள்ளிக்கு வழங்கினர். அகன்றது எனப் பொருள்படும் 'பிளாற்றுஸ்' என்ற கிரேக்கச் சொல் அதன் வேராகும். ஆங்கிலத்தில் உணவுத் தட்டையும் வெள்ளிப் பாத்திரங்களையும் ஒருங்கே சுட்டும் 'பிளேற்' இவ்வழியினது. அகன்ற வீதியைக் குறித்த கிரேக்கச் சொல்லின்வழி வந்த 'பிளேஸ்', அகன்ற பாதமுடைய பிளாற்றிப்பசு என்பனவும் உறவினவே.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் 'பிளாற்றினா' என்றே எழுதினர். பின்னர் இலத்தீன் ஈறு சேர்ந்து இரசாயனப் பெயராயிற்று. ஸ்பானியர் 'பிளாற்றினோ' என்றனர். ஈறுகள் மாறினும் நடுவிலுள்ள இகழ்ச்சி விகுதி எங்கும் நீங்கவில்லை. தமிழ் வடிவிலும் 'இன்' ஆக அது நிற்கின்றது.

உருக்க இயலாதவர் இட்ட பெயர் இது. ஆயின் ஸ்பானியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, இன்றைய ஈக்குவடோர், கொலம்பியாக் கரையோரக் கம்மியர் இத்துகள்களைப் பொற்பொடியுடன் சேர்த்துச் சூடாக்கினர். உருகிய பொன் அவற்றைப் பிணைக்க, மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்து, மூக்கணிகளும் சிறு முகவுருக்களும் ஆக்கினர். அவர்தம் மொழிச்சொல் எதுவும் இவ்வுலோகத்தின் பெயரில் இடம்பெறவில்லை.