பிசகிய எடை

நெல் லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நின்றது. தராசுமில்லை, படிக்கல்லுமில்லை. மேடைக்கு அடியில், மூலைக்கொன்றாக நாலு உருக்குத் துண்டுகள். அவற்றில் ஒட்டிய உலோக இழை பாரத்தால் இம்மியளவு நீள, மின்தடை மாறுகிறது. நாலு மூலைச் சேதியையும் சின்னஞ்சிறு கணிப்பொறி கூட்டிச் சொல்கிறது.

இழுத்த கம்பியின் தடை மாறுமென்று கெல்வின் 1856-இல் கண்டார். அதைப் பொருளின்மேல் ஒட்டி அளக்கும் வித்தையை 1938-இல் அமெரிக்காவில் சிம்மன்ஸும் ரூகேயும் தனித்தனியே கண்டனர். அந்த நுண்ணிய மாற்றத்தைப் பிடித்துத் தருவது ‘வீட்ஸ்டன் பாலம்’ என்ற மின்சுற்று. ஆனால் 1833-இலேயே அதைச் சொன்னவர் கிறிஸ்டி! 1843-இல் பிரபலமாக்கிய வீட்ஸ்டனே, ‘இது கிறிஸ்டியுடையது’ என்று ஒப்புக்கொண்டார், உலகம்தான் கேட்கவில்லை.

லாரியை நிறுத்தாயிற்று. இத்தனை நுட்பமான கருவிக்குப் பெயரிடும்போது மட்டும் நம் கை எப்படிப் பிசகியது என்று யோசித்தபடியே வீடு திரும்பினேன்.