இரவும் பகலும் மாறுவது எப்படி? நோன்பு திறக்கும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்?

ரமளான் மாதத்தில் சென்னையின் மஃரிப் பாங்கு தொலைக்காட்சியில் ஒலிக்கும்போது, கோயம்புத்தூரில் சூரியன் இன்னும் மறைந்திருக்காது. அந்தப் பாங்கைக் கேட்டு கோவையில் ஒருவர் நோன்பு திறந்தால், பகல் முடியும் முன்பே திறந்தவராகிறார். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டுகிறது. பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை பூமியின் சுழற்சியில் இருக்கிறது.

பூமிக்கு இரண்டு இயக்கங்கள் உண்டு. ஒன்று, சூரியனைச் சுற்றி வருவது. இதற்கு ஓராண்டு ஆகிறது. மற்றொன்று, தன் அச்சில் தானே சுழல்வது. இரவு பகல் உண்டாவது இந்தச் சுழற்சியால்தான். பூமி உருண்டையாக இருப்பதால் சூரிய ஒளி எந்நேரமும் அதன் ஒரு பாதியில் மட்டுமே படும். மறுபாதி இருளில் இருக்கும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும்போது ஒவ்வோர் ஊரும் ஒளிக்குள் வந்து, மீண்டும் இருளுக்குள் செல்கிறது. சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைவதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். பூமி சுழல்வதை 1851-ல் பாரிஸ் நகரில் ஃபூக்கோ என்ற அறிஞர், நீண்ட கம்பியில் கட்டிய ஊசலை ஆடவிட்டு மக்கள் முன்னிலையில் காட்டினார்.

இப்போது கணக்குக்கு வருவோம். 24 மணி நேரத்தில் 360 பாகை என்றால், ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை ஏறத்தாழ 80.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், கோவை 77 பாகையிலும் உள்ளன. இடைவெளி 3.3 பாகை. அதாவது, சுமார் 13 நிமிடம். இந்தியா முழுவதற்கும் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஒரே நேரம் வகுத்திருப்பதால், இந்த வேறுபாடு கடிகாரத்தில் தெரிவதில்லை. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதாலும், இரு ஊர்களின் அட்சரேகை வேறு என்பதாலும், பருவத்துக்கு ஏற்ப இந்த 13 நிமிடம் சற்றுக் கூடும், குறையும்.

சஹரிலும் கவனம் தேவை. சூரியன் உதிக்கும் முன்பே அதன் ஒளி வளிமண்டலத்தில் சிதறி வானம் வெளுக்கிறது. அந்த வைகறை வெளிச்சமே ஃபஜ்ர் நேரத்தின் தொடக்கம். அது கிழக்கே உள்ள சென்னைக்கு முதலில் வந்துவிடும். கோவை அட்டவணையைப் பார்த்துச் சென்னையில் சஹர் செய்பவர், ஃபஜ்ர் வந்த பின்னும் உண்டுகொண்டிருப்பார்.

நம் முன்னோர் இதில் அலட்சியம் காட்டவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்தவர், வானியல் அறிஞர் இப்னு ஷாதிர். அந்தப் பள்ளிவாசலுக்காக அவர் சூரியக் கடிகாரமே செய்து வைத்தார்.

ஆகவே, உங்கள் ஊருக்கான அட்டவணையையே பின்பற்றுங்கள். கைப்பேசிச் செயலியில் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பயணத்தில் இருந்தால், அப்போது இருக்கும் ஊரின் நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.