நாங்குநேரிக்கு எத்தனை எழுத்து?

நா, ங், கு, நே, ரி. ஐந்தே எழுத்து. ஆனால் யுனிகோடில் இந்தப் பெயருக்குப் பத்துக் குறியெண்கள். ந 2984, துணைக்கால் 3006, ங்-இன் புள்ளி 3021 என்று போகும். பல கணினிக் கோப்புகளில் ஒவ்வொரு எண்ணும் ஒரு பின்சாய்வுக்கோடு, ஆங்கில 'யு', நான்கு பதினாறுநிலை இலக்கங்கள் என ஆறு குறிகளாக எழுதப்படுகிறது. ஊர்ப் பெயர் அறுபது குறிகளாக நீண்டுவிடும்! அதை மறுபடி பெயராக்குவது இன்டர்ப்ரெட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன உதவிச் செயற்கூறு.

இந்தக் கோடு எப்படி வந்தது? 1961-ல் பாப் பீமர் என்ற அமெரிக்கர் பின்சாய்வுக்கோட்டைக் கணினி எழுத்துகளில் சேர்க்க முன்மொழிந்தார். 1963-ல் வந்த ஆஸ்கி தரத்தில் அது இடம்பெற்றது. மேற்கோள் குறிக்குள்ளேயே மேற்கோள் குறியை எழுதுவது எப்படி, புதிய வரியைக் குறிப்பது எப்படி என்ற சிக்கலுக்கு பி மொழி நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தியது. 1970-களில் டென்னிஸ் ரிட்சியின் சி மொழி அந்த வேலையைப் பின்சாய்வுக்கோட்டிடம் கொடுத்தது.

ஆஸ்கியில் இருந்தவை 128 இடங்கள். அதில் தமிழுக்கு இடமில்லை. திஸ்கி, டாப், டாம் போன்ற குறியாக்கங்கள் 256 இடங்களுக்குள் தமிழை அடக்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் நாங்குநேரி புரியாத குறிகளாகத் தெரியும். 1991-ல் வந்த யுனிகோடு தமிழுக்குத் தனி இடம் தந்தது. 1996-ல் வெளியான ஜாவா 1.0-இல் 'யு' வடிவம் இருந்தது. பைத்தானின் ஜேசன் நூலகம் இன்றும், வேறு கட்டளை தராவிட்டால், தமிழை இப்படித்தான் எழுதுகிறது.

செயற்கூறின் வேலை எளிது. இதுவரை வந்த மதிப்பை 16-ஆல் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்ட வேண்டும். ந-வின் இலக்கங்கள் 0, 11, 10, 8. முதலில் 0, பிறகு 11, பிறகு 186, கடைசியில் 2984.

மூன்று இலக்கத்தோடு நிறுத்திவிட்டால்? 186 என்பது வேறொரு குறி. ந போய், மேலே ஒரு குட்டி வட்டமும் பக்கத்தில் ஓர் 8-உம் வந்து நிற்கும். நான்கு இலக்கமும் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரிதான் அதைத் தடுக்கிறது.

ஆங்கிலத்தில் பெயர் எழுதுபவருக்கு இந்தச் செயற்கூறு பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. நாங்குநேரிக்கோ ஒரே பெயருக்குப் பத்து முறை தேவைப்படுகிறது. பத்து முறையும் அது சரியாக வேலை செய்தால்தான் ஊர் ஊராக இருக்கும்.