பங்கேற்பு ஊரக வளர்ச்சி: இராமநாதபுரம் கடற்கரை

ஒரு ஊருக்கு என்ன தேவை, அதற்கான பணத்தை எப்படிச் செலவிடுவது, பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த ஊர் மக்களே தீர்மானிப்பதும், அரசும் நிதி நிறுவனங்களும் உள்ளூர் அமைப்புகள் வழியாக அதற்குத் துணை நிற்பதும் பங்கேற்பு ஊரக வளர்ச்சி எனப்படும். சுமார் 237 கி.மீ. நீளக் கடற்கரை கொண்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் இது 1990களில் அரசுத் திட்டமாக வந்தது. தேவிபட்டினத்துக்கு வடக்கே பாக் விரிகுடாவை ஒட்டியுள்ள திருப்பாலைக்குடிப் பகுதியில் கடல், உப்பளம், வானம் பார்த்த வயல் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்த மூன்று பிழைப்புக்கும் ஒரே அச்சில் வார்த்த திட்டம் பொருந்தாது. இம்மாவட்ட வரலாற்றைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கூடி முடிவெடுக்கும் வழக்கம் இங்கே மிகப் பழையது. திருப்பாலைக்குடிக்கு அருகிலுள்ள இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். இத்தனை பெரிய கண்மாயின் மடைகளைத் திறக்கவும் அடைக்கவும், தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சவும், மழைக்கு முன் கரையைப் பலப்படுத்தவும் ஊர்களுக்குள் உடன்பாடு இருந்தாக வேண்டும். அந்த உடன்பாட்டின் பெயர் குடிமராமத்து. அன்றைய ஆங்கிலேய ஆட்சி 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து இதை ஆணையாக மாற்றப் பார்த்தது. ஊரார் தமக்குள் பேசி முடித்த கடமை அதனால் சர்க்கார் வேலையானது. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்து கண்மாய்கள் மேடாகிப்போன காரணங்களில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கடலிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகள் மற்ற 4 நாளும் தொழிலுக்குப் போகும் ஏற்பாடு, இரு தரப்புக்கும் நடந்த நீண்ட மோதல்களில் பிறந்தது. ஊர்க்கூட்டமும் ஜமாஅத்தும் பங்குப் பேரவையும் இத்தகைய தகராறுகளைத் தீர்த்துவைத்தன. ஆனால் அந்தக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லை. மீனை விற்பதும் கருவாடு காயவைப்பதும் வீட்டுக் கடனைச் சுமப்பதும் அவர்கள்தாம். ஊர்ப் பணம் பற்றிய பேச்சு மட்டும் ஆண்களுடையதாக இருந்தது.

இந்த நிலையில் முதல் விரிசலை உண்டாக்கியது பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம். 1989 செப்டம்பரில் தருமபுரியில் தொடங்கிய இது, 1992–93இல் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் விரிந்தது. தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகச் சென்று 12 முதல் 20 பெண்கள் வரை கொண்ட குழுக்களை அமைத்தன. வங்கி கடன் கொடுத்தது. 1997–98 முதல் இதுவே மாநிலமெங்கும் ‘மகளிர் திட்டம்’ ஆயிற்று. சந்தா, உள்கடன், சுழல்நிதி, ஊக்குநர், பிரதிநிதி போன்ற சொற்கள் கடலோரக் குடிசைகளில் புழக்கத்துக்கு வந்தது இப்படித்தான். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் பிடிக்கிற மீனை அவர் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். அந்தப் பிடியில் இருந்த குடும்பத்துக்கு, குழுவிலிருந்து வந்த சில ஆயிரம் ரூபாய் மூச்சு விட இடம் தந்தது.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. குழு மக்களுடையது, அதை அமைக்கும் பணிக்கான ஒப்பந்தமோ தொண்டு நிறுவனத்துடையது. எத்தனை குழு அமைத்தோம் என்ற எண்ணிக்கை முன்னால் வந்து நிற்க, குழு எதற்காக என்ற கேள்வி பின்னால் போனது. 2005இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டம் (பின்னர் ‘புது வாழ்வு’) இதைத் திருத்த முயன்றது. யார் ஏழை என்பதை ஊரே கூடி முடிவு செய்யும் ‘மக்கள் நிலை ஆய்வு’ நடந்தது. பணம் நேராகக் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்குக்கு வந்தது; அதைக் கண்காணிக்கச் சமூகத் தணிக்கைக் குழுவும் அமைந்தது. இடையில் நின்ற நிறுவனத்தின் கையிலிருந்து பணப்பை ஊரின் கைக்கு மாறியது. இம்மாவட்ட வளர்ச்சி வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் வேறில்லை.

கண்மாய்ப் பக்கம் இதே போக்கு வேறு வடிவம் எடுத்தது. மதுரையில் பிரதான் அமைப்பு 1992இல் தொடங்கிய கண்மாய்ப் பணியை, 1997இல் உருவான தானம் அறக்கட்டளை தொடர்ந்தது. ‘வயலகம்’ என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் அமைந்தன. குடிநீர் ஊருணிகளும் சீரமைக்கப்பட்டன. வேலைச் செலவில் ஒரு பங்கை ஊரே தர வேண்டும் என்பது இதன் விதி. தமிழ்நாடு அரசு 2017இல் 100 கோடி ரூபாயில் குடிமராமத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோதும் விவசாயிகளின் பங்களிப்பு நிபந்தனையாக வைக்கப்பட்டது.

ஊராரே பொறுப்பேற்கும் இந்த முறைக்கு உலகின் மறுகோடியில் ஓர் இணை உண்டு. குவாத்தமாலாவின் சான் மார்த்தின் ஹிலோதெபெக்கே வட்டாரத்தில் ‘வேர்ல்ட் நெய்பர்ஸ்’, ‘ஆக்ஸ்ஃபாம்’ அமைப்புகளின் துணையுடன் 1972 முதல் கக்சிகேல் மாயா விவசாயிகள் மண் அரிப்பைத் தடுக்கும் முறைகளைக் கற்று, தங்கள் மொழியிலேயே அண்டை ஊராருக்குக் கற்பித்தார்கள். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் அந்த ஊர் ஆசான்களில் பலர் கொல்லப்பட்டனர், பலர் ஊரைவிட்டு ஓடினர். அப்படியிருந்தும் 1990களில் ஆய்வாளர்கள் திரும்பிச் சென்று பார்த்தபோது, திட்டம் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் மக்காச்சோள விளைச்சல் கூடியே இருந்தது. அறிவு நிறுவனத்தின் அலுவலகத்தில் தங்காமல் விவசாயிகளிடம் தங்கியதே காரணம்.

முடிவு யார் கையில் என்ற கேள்வியை இராமநாதபுரம் கடலில் கூர்மையாக எழுப்பியவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். கையில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி எடுப்பது அவர்கள் தொழில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாகவும், சுற்றியுள்ள 10,500 சதுர கி.மீ. பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டபின், காலங்காலமாகச் சென்ற இடத்துக்கே அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். 2002இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியே தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்து மாற்றுத் தொழிலுக்குக் கடன் தந்தது. கடலுக்குள் போகும் உரிமை பற்றிய கேள்வி மட்டும் கடனால் தீரவில்லை. பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு, மாதத்தில் சுமார் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, ஆண்டில் சில மாதங்கள் நிறுத்திவைப்பது என்ற ஒழுங்கைப் பேணினர். அவர்களுள் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது.

பாசி வளர்ப்பின் கதை வேறு. மண்டபம் ஆய்வு நிலையத்தில் சோதிக்கப்பட்ட கப்பாபைகஸ் பாசியை 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் வணிகமாக்கியது. மூங்கில் மிதவைகளுக்கு வங்கிக் கடன் பெற்றுச் சுய உதவிக் குழுக்கள் இறங்கின. பல குடும்பங்களுக்கு வருமானம் வந்தது உண்மை. அந்த அயல் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறைகள்மேல் பரவியதும் உண்மை. எந்தப் பாசியை எங்கே வளர்ப்பது என்ற முடிவில் குழுக்களுக்குக் குரல் இருந்ததில்லை.

மேலிருந்து வரும் திட்டத்தின் எல்லைக்கு 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் சான்று. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகளைக் கொண்டுவர 1,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு படகுக்கு 80 லட்சம், அதில் 70 விழுக்காடு மானியம். இருந்தும் வேகம் பிடிக்கவில்லை. மீதிச் செலவும், பழக்கமில்லாத ஆழ்கடலும் மீனவரைத் தயங்க வைத்தன. இதற்கு நேர்மாறாக, 2016 ஆகஸ்ட் 15இல் பாம்பனில் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலியில் மீனவர்களே வானிலையையும் கடல் நிலவரத்தையும் பேசுகிறார்கள்.

மாவட்டத்தின் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. விதைப்பாசி முதல் பதப்படுத்துதல் வரை ஒரே இடத்தில் செய்வது இதன் நோக்கம். கொள்முதல் விலையையும் வளர்க்க வேண்டிய வகையையும் தீர்மானிக்கும் குழுவில், கூலிக்கு வரும் தொழிலாளியாக அல்லாமல் வாக்குரிமை உள்ள உறுப்பினராகப் பாசிப் பெண்கள் உட்கார வேண்டும். அவர்களின் கூட்டமைப்புக்கு அந்தத் தகுதியும் அனுபவமும் இருக்கின்றன.